பூவரச வில்

எங்கள் கொல்லை ஓரத்தில், கெண்டைக்கால் கனத்தில் நேராக வளர்ந்திருந்த இளம் பூவரசு ஒன்றை நான்தான் வெட்டினேன். ஆளுயர வில் செய்யும் வீடியோக்களை போனில் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. நெடுக்காகப் பிளந்ததும் இரண்டு துண்டு கிடைத்தது. முனைகள் வெடிக்காமல் இருக்க பெயின்ட் அடித்து நிழலில் காயவைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து ஒன்றைச் செதுக்க எடுத்தபோது, "இன்னொன்னு சும்மாதான கெடக்குது, நான் செஞ்சி பாக்கறேன்" என்றாள் என் மனைவி. வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். சிரித்துக்கொண்டே கொடுத்தேன். நான் திருபுவனையில் ஒரு கம்பெனியில் வெல்டர். கைவேலை என்றால் எங்கள் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பட்டையை உரித்ததும் அவசரப்பட்டேன். கணுக்கள் மேடாகத் தெரிவது பிடிக்காமல், வளையும்போது வெளிப்பக்கமாக வரும் முதுகையும் இழைத்து வழவழப்பாக்கினேன். அவள் முதுகைத் தொடவே இல்லை. உள்பக்கத்தை மட்டும் உடைந்த கண்ணாடித் துண்டால் கொஞ்சம் சுரண்டுவாள், வளைத்துப் பார்ப்பாள், மறுபடி சுரண்டுவாள். தைக்கும் துணியைப் பார்க்கிற அதே பார்வை.

நாண் ஏற்றிய அன்றே என் வில், இழைத்ததில் நார் அறுபட்ட முதுகில் பிளந்துவிட்டது. அவளுடையது இரண்டு பக்கமும் ஒரே அளவாய் வளைந்தது.

ஞாயிற்றுக்கிழமை சோரியாங்குப்பத்திலிருந்து வந்த மைத்துனன் அதை வளைத்துப் பார்த்தான். "இன்னா மாமா, அக்கா செஞ்சதாமே! உன்னுது எங்க?"

எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க, மரம் நான் வெட்டியது, ஆசை என்னுடையது, பேர் மட்டும் அவளுக்கா என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் துணி வாங்க வில்லியனூர் போயிருந்தாள். அவளுடைய வில்லை எடுத்து இழுத்தேன். எதுவரை இழுக்கலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்கு மேலும் இழுத்தேன். ஒடியும் என்று தெரிந்தேதான் இழுத்தேன். ஒடிந்தது.

வந்ததும், "கீழ விழுந்துடுச்சி" என்றேன்.

துண்டுகளைத் திருப்பிப் பார்த்தாள். "கீழ விழுந்தா இப்டி ஒடியாது. இன்னாத்துக்கு இப்டி செஞ்ச?"

"உன்னுது நல்லா வந்துச்சி. எனுக்குத் தாங்கல."

மூன்றாம் நாள் சோரியாங்குப்பத்துத் தம்பிக்கு போன் போட்டு, அவன் நிலத்தில் ஒரு பூவரசு கேட்டாள். "மரத்தத் தூக்கினு வா. செதுக்கற எடத்துக்கு மட்டும் வராத" என்றாள் என்னிடம்.

மரத்தை பைக்கில் குறுக்காக வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். பாகூர் டீக்கடையில் தெரிந்தவர் ஒருவர் நிறுத்தி, "இன்னாபா, மறுபடியும் வில்லா? இந்தத் தடவயாவது ஒழுங்கா செய்" என்றார்.

"நான் செய்யலண்ணா. எங்க வூட்டுக்காரி செய்யறா."

சொன்னேன். ஆனாலும் டீ குடிக்க அங்கே நிற்கப் பிடிக்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.