இருபக்கமும் பிழை

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸ் பையோடு வேகமாக நடந்தால், எந்த வீட்டில் பிள்ளை என்றுதான் சனம் கேட்கும். அவர் மருத்துவச்சி. இளவயதிலேயே கணவனை இழந்தவர். பிள்ளைகள் இல்லை.

1937இல் ஒரு மாலை, துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கும் இருளப்பன் மூச்சிரைக்க வந்தான். மனைவி குப்பாயிக்குக் காலையிலிருந்தே வலி, பிள்ளை குறுக்கே கிடப்பதுபோல் இருக்கிறது என்றான். கொன்ஸ்ரன்ஸ் உடனே அவன் பின்னால் ஓடினார். அவன் வீதியைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று கூப்பிட்டான். ஓரத்தில் நின்ற மாட்டுவண்டியின் மறைவிலிருந்து அவர் வீதியில் கால்வைத்தபோது, வலப்பக்கமாக ஏறி வேகமாக வந்த ஒரு கார் அடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்தது. வலக்கை நசுங்கியது.

அன்று குப்பாயி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

கை ஆறியபிறகும் விரல்கள் மடங்கவில்லை. இனி ஒரு பிரசவமும் பார்க்கமுடியாது என்று தெரிந்தபோதுதான் கொன்ஸ்ரன்ஸ் அழுதார். அவர் கையில் பிறந்த இரண்டு பிள்ளைகளின் தகப்பனான வழக்கறிஞர், புரொக்டர் சுந்தரலிங்கம், கார்க்காரர்மேல் நட்டஈட்டு வழக்குப் போட்டார். சட்டத்தை மறைக்காமல் சொன்னார்.

"கார்க்காரர் பிழை விட்டவர் எண்டு காட்டினால் மட்டும் காணாது. உங்கட கவனக்குறைவும் சேர்ந்துதான் இது நடந்தது எண்டு நீதிபதி கண்டால், ஒண்டுமே கிடையாது. பிழையைப் பங்குபோட்டு அரைவாசி தாற சட்டம் இங்க இல்லை."

வீதியில் இறங்குமுன் பார்த்தாரா என்பது கொன்ஸ்ரன்ஸுக்கே நினைவில்லை. அப்படியென்றால் அதையே சொல்லுங்கோ என்றார் சுந்தரலிங்கம். விபத்தைக் கண்ட ஒரே சாட்சி இருளப்பன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி அவனுக்குச் சொல்லிவைத்தார்.

காரின் வேகத்தையும் அது வந்த பக்கத்தையும் இருளப்பன் நன்றாகவே சொன்னான். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இந்த அம்மா உன் மனைவிமேல் மிகுந்த அக்கறை உள்ளவரோ என்று மெதுவாகக் கேட்டார். கொன்ஸ்ரன்ஸின் நல்ல மனதைக் கேட்கிறார் என்றே இருளப்பன் நினைத்தான்.

"ஆமாங்கய்யா. நான் கூப்புட்டதும் அங்கிட்டு இங்கிட்டு பாக்காம ஓடியாந்தாங்க. என் பொஞ்சாதிய காப்பாத்தணும்னுதான் ஓடியாந்தாங்க."

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் அதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் சொன்னார். சுந்தரலிங்கம் தலைகுனிந்தார். கொன்ஸ்ரன்ஸுக்கு நன்மை செய்துவிட்ட நிறைவோடு இருளப்பன் கூண்டிலிருந்து இறங்கினான்.

கார்க்காரர் பிழையான பக்கத்தில், மிதமிஞ்சிய வேகத்தில் வந்தார் என்று நீதிபதி கண்டார். ஆனால் வண்டி மறைவிலிருந்து பாராமல் திடீரென இறங்கியவரைத் தவிர்க்க அவருக்கு அவகாசம் இருக்கவில்லை. விபத்துக்கு இருவரின் பிழையும் காரணம். வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

வெளியே, அம்மாவுக்கு ஏன் எதுவும் கிடைக்கவில்லை என்று இருளப்பன் கேட்டான். சுந்தரலிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவன் நீதிமன்றப் படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ பொய் சொல்லேல்ல, இருளப்பன். எழும்பு," என்றார் கொன்ஸ்ரன்ஸ்.

அவன் எழும்பவில்லை. அவனுக்குப் பக்கத்தில் உட்காரவும் அவரது இடுப்பு விடவில்லை. ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றார்.

அதன்பிறகு வெள்ளவத்தையில் தம்பி வீட்டின் பின்னறைக்குப் போய்விட்டார். குப்பாயி மறுபடி கர்ப்பமானபோது, இருளப்பன் அங்கே நடந்துபோய், பக்கத்தில் இருந்தால் போதும் என்று கேட்டான். அவர் ரிக்ஷாவில் வந்தார். வேறொரு மருத்துவச்சி பிரசவம் பார்த்தாள், பெண்பிள்ளை. துடைத்து, முதலில் கொன்ஸ்ரன்ஸிடம் நீட்டினாள். அவர் வாங்க இரண்டு கைகளையும் நீட்டினார். பிறகு வலக்கையைப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தாயிடமே கொடுக்கச் சொன்னார்.