அடியில் ஒரு பொட்டு நீலம்

உங்கள் மாமா ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டே வேலைக்குப் போனார். மெட்ராஸிலிருந்து வரவழைத்த நல்ல கனமான மழைக்கோட்டு அவரிடம் இருந்ததுதான். அதை ஒரு கப்பல் சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டு, அவரிடமிருந்து ஒரு நீலக்கல்லை வாங்கிக்கொண்டார்.

அந்தக் கல்லைப் பற்றி நீங்கள் ஆளுக்கு ஒரு துண்டாகக் கேட்டிருப்பீர்கள். அம்மா ஒரு விதமாகச் சொல்லுவாள், அத்தை இன்னொரு விதமாகச் சொல்லுவாள். நான் எட்டாவதோடு நின்றவன், எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் நடந்ததைக் கூட இருந்து பார்த்தவன் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் இரண்டு குடும்பமும் அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் அடுத்தடுத்த வீடு. இரண்டுக்கும் ஓலைக் கூரை. எனக்கு எதிர்க்கரையில் மரம் அறுக்கும் சாமில்லில் வேலை. அம்மாவின் அண்ணனான உங்கள் மாமா, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வரும் ஃபெர்ரியில் எஞ்சின் பார்த்தார். தினமும் காலையில் அவர் படகில்தான் நான் வேலைக்குப் போவேன்.

மாமாவுக்குப் பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. கலர் கல் ஒன்றுதான் பைத்தியம். மோதிரம் செய்து போடுவதற்கு இல்லை, விற்பதற்கும் இல்லை. பார்ப்பதற்கு. கப்பல் ஆட்கள், பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று யாரிடமாவது ஒரு கல் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கோழி, குடை, புது வேட்டி, கையில் எது இருக்கிறதோ அதைக் கொடுத்து வாங்கிவிடுவார். அத்தை வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவாள்:

"ஊர்ல உள்ளவன் கல்ல வச்சு வீடு கட்டுதான். இங்க ஒருத்தரு வீட்டக் குடுத்துக் கல்லு வாங்குதாரு!"

ஒரு பழைய ஊசி டப்பாவில் தலையணைப் பஞ்சைப் பரப்பி, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குழி செய்து வைத்திருந்தார். கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒரு கோமேதகம். திருப்பினால் நடுவில் வெள்ளைக் கோடு ஓடுகிற ஒரு வைடூரியம். பர்மாக்காரர் ஒருவரிடம் வாங்கிய சிவப்புக் கல் ஒன்று. நான் அதை மாணிக்கம் என்று நினைத்தேன். "மாணிக்கம் இல்ல மாப்ளே, மாணிக்கத்துக்குச் சித்தப்பன் மவன்" என்றார். "அதுக்காவ அழகு கொறஞ்சு போச்சா?"

எனக்குக் கல் பார்க்கக் கற்றுக்கொள்ள ஆசையெல்லாம் இல்லை. அவர் பார்ப்பதைப் பார்க்கத்தான் ஆசை. படகு கரையில் நிற்கும்போது எஞ்சின் அறையிலிருந்து மேலே வருவார். எண்ணெய்க் கையை நன்றாகத் துடைப்பார். டப்பாவைத் திறந்து ஒரே ஒரு கல்லை எடுத்து, காலை வெளிச்சத்தில் இரண்டு விரலால் பிடிப்பார். "உச்சி வெயில்ல எல்லாக் கல்லும் ஒண்ணுபோலப் பளபளங்கும். காலம்பறதான் எது எதுன்னு தெரியும்" என்பார். முகம் அப்படியே குழந்தை முகமாகிவிடும். படகை ஓட்டுகிற வங்காளி சாரங் மேலேயிருந்து கத்துவார்:

"அரே பாய், பஹ்லே எஞ்சின் தேக்கோ! பத்தர் பாத் மே!"

முதலில் எஞ்சினைப் பார், கல்லை அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். இதை அவர் கத்தாத நாளே கிடையாது.

அந்த நீலம் வந்த பிறகு மற்றக் கல்லெல்லாம் டப்பாவிலேயே கிடந்தன. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். மேலேயிருந்து பார்த்தால் முழுக்க நீலம், ஆழமான இடத்துக் கடல் மாதிரி. பக்கவாட்டில் திருப்பினால் நீலமே இருக்காது. தண்ணீர் போல வெள்ளை. அடியில், கூராக முடிகிற இடத்தில் மட்டும் ஒரு பொட்டு நீலம்.

"பாத்தியா மாப்ளே? மொத்தக் கல்லுக்கும் நெறம் இந்தப் பொட்டுதான். இத எங்க வச்சுப் பட்டை தீட்டுனா கல்லு முழுக்க நீலமாத் தெரியும்னு ஒருத்தன் கண்டுபிடிச்சிருக்கான். அவன் யாரோ எவனோ. அவன் கைக்கு ஒரு மழைக்கோட்டு பத்தாது."

இனி அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டில் மரம் வெட்டி இறக்குகிற காண்ட்ராக்டர் அவர். நம் திருநெல்வேலிப் பக்கம்தான். தமிழாட்கள் எல்லாருக்கும் அண்ணாச்சி. கொடுத்து உதவுகிற மனம், ஆனால் பயந்த சுபாவம். பல்லி சத்தம் கேட்டால் அன்றைக்குப் படகு ஏற மாட்டார். மனைவியும் பிள்ளைகளும் மெயின்லேண்டில் கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். அவர் இங்கே தனியாக இருந்தார்.

ஒரு நாள் காலையில் மாமா நீலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அண்ணாச்சி வந்துவிட்டார்.

"என்ன வே அது, நீலமா?" என்று இரண்டடி பின்னால் போனார்.

"ஆமா அண்ணாச்சி. பாருங்க, கடிக்காது."

அண்ணாச்சி எட்ட நின்று பார்த்தார். பிறகு கிட்ட வந்து பார்த்தார். "சோசியரு என்னைய நீலம் போடச் சொல்லி எத்தனையோ வருசமாச்சு. பயந்துக்கிட்டே கெடக்கேன் வே. சனியன் கல்லுல்லா?" என்றார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

தன் கல்லை ஒருவர் அப்படிப் பார்த்ததில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வேணும்னா வச்சுப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டார்.

பிள்ளைகளா, இந்த இடத்தைக் கவனியுங்கள். நீலம் சனீஸ்வரனுக்கு உரியது. எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று நம் பக்கம் நம்புவார்கள். அதனால் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் சில நாள் வைத்துப் பார்ப்பது வழக்கம். கெட்ட கனவு வந்தால் கல்லைத் திருப்பிவிடலாம். நல்லது ஏதாவது நடந்தால் கல் வைத்துப் பார்த்தவருக்கு. அப்புறம் கொடுத்தவர் முடியாது என்று சொல்லக் கூடாது. 'வச்சுப் பாருங்க' என்பது வெறும் பேச்சு இல்லை, வாக்கு.

அண்ணாச்சி கைக்குட்டையில் கல்லை முடிந்துகொண்டு போனதும் நான் கேட்டேன், "என்ன மச்சான், இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நீ ஏன் பதறுத? பல்லிக்குப் பயந்த ஆளு. மொத ராத்திரியே சனீஸ்வரன் காக்கா மேல ஏறிக் கனவுல வந்து நிப்பாரு. விடிஞ்சதும் கொண்டாந்து நீட்டுவாரு பாரு."

சனீஸ்வரன் வரவில்லை. கப்பல்தான் வந்தது. எப்போது வரும் என்று யாருக்குமே தெரியாதிருந்த கப்பலில் அண்ணாச்சியின் மனைவியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். அன்று சாயங்காலமே அண்ணாச்சி லட்டோடு மாமா வீட்டுக்கு வந்து, "வே, அது என் கல்லு! என்ன வேணும், கேளும்!" என்றார்.

மாமா லட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "சந்தோசம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். அத்தை, "கூரைக்குத் தகரம்" என்று உள்ளேயிருந்து பதில் சொன்னாள்.

அடுத்து வந்த நாட்களில் மாமா படகில் டப்பாவைத் திறப்பார், மூடிவிடுவார். பஞ்சில் அந்தக் குழி வெறுமனே இருந்தது. அதில் வேறு கல்லை வைக்கவும் இல்லை. சாரங்குக்கே மனசு கேட்கவில்லை. "க்யா ஹுவா பாய், ஆஜ் பத்தர் நஹி?" என்று அவராகவே கேட்டார். இன்றைக்குக் கல் இல்லையா என்று.

மோதிரம் செய்ய அண்ணாச்சி போர்ட் பிளேயருக்குப் போக வேண்டும். அவர் போவதற்குள் அவருடைய மரக்கட்டு உடைந்தது.

காட்டு மரத்தைக் கட்டுக் கட்டாகத் தண்ணீரில் இழுத்துத்தான் மில்லுக்குக் கொண்டுவருவார்கள். படாக் மாதிரிக் கனமான மரம் மிதக்காது. அதோடு லேசான மரங்களைச் சேர்த்துப் பிரம்பால் கட்டினால் மிதந்து வரும். அண்ணாச்சியின் கட்டு மில்லுக்கு எதிரிலேயே அவிழ்ந்தது. லேசு மரம் நாலாபக்கமும் போனது, நல்ல படாக் எல்லாம் அடியில் போனது. ஆளுக்குச் சேதமில்லை. எங்களால் முடிந்ததைக் கொக்கி போட்டு இழுத்தோம். ஒரு மரத்தில் சுற்றியிருந்த பிரம்பு என் கையில் வந்தது. லேசாக வளைத்தேன், முறுக்கு மாதிரி ஒடிந்தது. போன மழைக்கு முந்தி வெட்டிய பிரம்பு.

வேலை முடிந்து திரும்பும்போது மாமாவிடம் சொன்னேன். அவர் பிரம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பழி கல்லு மேலதான் விழும்" என்றார்.

நாங்கள் கரை இறங்கி வீடு போய்ச் சேர்ந்தால், அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கையில் முடிச்சு.

"இந்தாரும், பிடியும். உம்ம கல்லு என் மரத்த முழுங்கிட்டு வே. கொலகாரக் கல்லு! கடல்ல வீசியிருப்பேன். உம்ம மொகத்துக்காவக் கொண்டாந்தேன்."

நான் மாமாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. மாமாவின் கை நீண்டது. முடிச்சைத் தொட்டது. அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, கல்ல ஏன் ஏசுதீங்க? அது உங்க தலகாணிக்கு அடியில சும்மா கெடந்துது. உங்க ஆளுவ பழைய பிரம்ப வச்சுக் கெட்டியிருக்காவ. மாப்ள கையாலயே ஒடிச்சுப் பாத்திருக்கான்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நெசமா வே?"

நான் என்ன செய்ய? "ஆமா அண்ணாச்சி, வத்திப் போன பிரம்பு" என்றேன்.

"அப்ப கல்லு ஒண்ணும் செய்யலயா?"

"கல்லு எங்கயாச்சும் கட்டு அவுக்குமா? கப்பலக் கொண்டாந்ததும் கல்லு இல்ல. கப்பல் அதுபாட்டுக்கு வந்துது" என்றார் மாமா.

அண்ணாச்சி முடிச்சைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "இல்ல வே. கப்பலக் கொண்டாந்தது கல்லு. கட்ட அவுத்தது பிரம்பு. இப்ப எல்லாம் சரியா வருது!" என்று சிரித்து, முடிச்சைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே அத்தை தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. தகரத்துக்காகவா, மாமாவுக்காகவா, எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி எழுந்து நடந்த பிறகு மாமா பின்னாலேயே ஓடினார். கல்லை ஒரு நிமிஷம் வாங்கி, பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார்.

"அய்யய்ய, வெள்ளையாயில்லா இருக்கு! ஏமாத்திட்டீரா?"

"ஏமாத்தல அண்ணாச்சி. அடியில பாருங்க, அந்தப் பொட்டு. நெறம் மொத்தமும் அங்கதான் இருக்கு. ஆசாரிகிட்டச் சொல்லுங்க, கல்ல உக்கார வைக்கையில அந்த நுனி ஒடஞ்சிரக் கூடாது. ஒடஞ்சா முழுக் கல்லும் வெள்ளையாப் போயிரும்."

அண்ணாச்சி இந்த முறை பயப்படாமல், ரொம்ப நேரம் அந்த நுனியைப் பார்த்தார்.

அவர் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "கையில வந்து விழுந்த கல்ல விட்டுட்டீங்களே மச்சான்."

"கொலகாரக் கல்லுன்னு சொல்லிக் குடுக்காரு. நானும் ஆமான்னு வாங்கி டப்பால வச்சா, அப்புறம் எப்படிப்பா அதத் தெறந்து பாப்பேன்?"

அத்தை கேட்ட தகரம் வந்தது. மழை நாளில் மாமா வீட்டில் பேசுவது கேட்காமல் நீங்கள் கத்துவீர்களே, அந்தத் தகரம்தான். பஞ்சுக் குழி மட்டும் அப்படியே இருந்தது.

ஆனால் மாமா அந்தக் கல்லைப் பார்க்காமல் இருந்ததில்லை. மோதிரம் நன்றாக அமைந்தது. நுனி உடையவில்லை. அண்ணாச்சி காலையில் படகேறிக் கம்பியைப் பிடித்து நிற்பார். மாமா கீழேயிருந்து வருவார், கையைத் துடைப்பார்.

"அண்ணாச்சி, கைய நெழல்ல வச்சிருக்கீங்க. கொஞ்சம் இந்தப் பக்கமா."

"தெனமும் இதே தொந்தரவு வே" என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணாச்சி கையை வெயிலுக்கு நீட்டுவார். மாமா குனிந்து பார்ப்பார். அப்புறம் அண்ணாச்சியும் குனிந்து பார்ப்பார். படகில் இருக்கிற நாங்களும் எட்டிப் பார்ப்போம். நீலம் முழுக்க நிறைந்திருக்கும்.

"தேக் லியா?" என்று மேலேயிருந்து சாரங் கத்துவார், பார்த்தாச்சா என்று. "அப் எஞ்சின் தேக்கோ!"