பனி நாட்டில் இட்லி

மகளுக்கு இளைப்பு இப்போதுதான் கொஞ்சம் தணிந்திருந்தது. நேற்றிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. பாளையங்கோட்டையில் அப்பா வீட்டு அலமாரியிலிருந்த பழைய கிறிஸ்துமஸ் கதைப் புத்தகத்தை எடுத்து அவளுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். பனி கொட்டும் நாட்டில் மூச்சிரைத்துக் கிடக்கும் சிறுவனின் கதை. அப்பா வாசித்து வாசித்து எனக்கு மனப்பாடம். பக்கத்தைத் திருப்பியதும் திக்கென்றது. அச்சில் அந்தச் சிறுவன் விடிவதற்குள் செத்துப்போகிறான்.

எங்கள் சின்ன வயதில் டிசம்பர் முழுக்க, இரவு ஜெபம் முடிந்ததும் அப்பா கதை வாசிப்பார். முறுக்கு சுட்ட எண்ணெய் வாசம் வீட்டுக்குள்ளேயே நிற்கும். இந்தக் கதையை முதன்முதலாக வாசித்த இரவில், மப்ளர் சுற்றிய தம்பி, நெஞ்சு விசிலடிக்க, அவர் மடியில் சாய்ந்திருந்தான்.

“அவனுக்கும் என்னைய மாதிரி இரைக்குதாப்பா?”

“இரைக்கத்தான் செய்யுது. பொறுலே.”

அப்பா இருமினார். செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மார்கழிப் பனி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

“பொழைச்சிருவானா?”

“பொழைக்காம? விடியல்ல எந்திச்சி இட்லி கேட்டாம்லே.”

பனி நாட்டில் இட்லி ஏது என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

மகள் என் முகத்தையே பார்த்தாள். “ஏம்மா நிறுத்திட்ட? அந்தப் பையனுக்கு என்னாச்சு?”

புத்தகத்தில் இருப்பதை மாற்றிச் சொல்லலாமா? நாளைக்கு அவளே வாசித்துத் தெரிந்துகொண்டால்? இருமினேன். இருமி முடிக்கும்வரை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அன்று அப்பாவுக்கும் தெரிந்திருக்காது.

“விடியல்ல எந்திச்சி இட்லி கேட்டான்.”

“எனக்கும் வேணும்” என்றாள்.