ஸ்டாஃப் ரூமில் கொட்டிய அரிசி

புற்றுநோய்க்காக என் இரண்டு மார்பகங்களையும் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று பொய் சொல்லி, முந்தானையை அடுக்கடுக்காக மடித்து ஊக்கு குத்திச் சமாளித்து வந்தேன்.

செயற்கை மார்பகம் பொருத்தலாம் என்று தாம்பரத்தில் பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனபோதும், "இருக்கறதுலயே சின்ன சைஸ் போதும் டாக்டர், யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது" என்றுதான் கேட்டேன்.

டாக்டரம்மா சிரித்தார். "தெரியாம இருக்கறதுக்கு எதுக்கும்மா ஆபரேஷன்? நான் சொல்ற ரெண்டு அளவுலயும் அரிசியைப் பையில போட்டு, உள்ள வெச்சுகிட்டு நடமாடிப் பாருங்க. எது உங்களுக்குப் பிடிக்குதோ, அதைச் சொல்லுங்க."

முதல் நாள் சின்ன அளவு. மறுநாள் ஆசைக்குப் பெரிய அளவு. ஸ்டாஃப் ரூமில் பீரோ மேலிருந்த நோட்டுக் கட்டை எட்டி எடுத்தேன். பழைய துப்பட்டாவில் நானே தைத்த பை பிரிந்து, பொன்னி அரிசி தரையெல்லாம் கொட்டியது.

"இன்னா டீச்சர், யாருக்கு அட்சதை?" என்றாள் கணக்கு டீச்சர் கீதா.

எனக்குப் பொய் வரவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கீதா எழுந்து கதவைச் சாத்தினாள். அரிசியை வழித்துப் பையில் போட்டு, தன் முந்தானை ஊக்கைக் கழற்றி அதன் வாயைக் குத்தினாள்.

"காலையில கேட்ல வரும்போதே பாத்தேன் டீச்சர். ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் நிமிந்து வந்தீங்க. இந்த சைஸையே சொல்லிடுங்க."

அதையேதான் சொன்னேன்.

அந்த பீரோவுக்கு அடியில் இன்றும் நாலைந்து அரிசிமணிகள் கிடக்கின்றன. பெருக்க வரும் ஆயாவிடம், அங்கே மட்டும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.