யாமினியின் பம்ப்

மெடிக்கல் கடையில் பாதி வேலை மருந்து எடுத்துக் கொடுப்பது; மீதி வேலை அதை யார் கண்ணிலும் படாமல் பொட்டலம் கட்டுவது. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்றே கால் வீங்கிய என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரக்காணத்தில் எனக்கு வாய்த்த வாடிக்கைக்காரர்களில் விஜயாவையும் அவள் மகளையும் பற்றி மட்டும் இப்போது சொல்கிறேன்.

பேப்பர் பொட்டலம்

விஜயா உப்பளத்தில் வேலை செய்கிறாள். ஆறாவது படிக்கும் மகள் யாமினிக்கு வீசிங். டாக்டர் இன்ஹேலர் பம்ப்பும், அதைப் பொருத்தி மூச்சிழுக்க ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாயும் எழுதிக் கொடுத்திருந்தார். பேப்பரில் சுற்றித் தரச் சொன்னாள், சுற்றினேன். அசல் ஒயின் ஷாப் பாட்டில் மாதிரியே வந்து தொலைத்தது. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்ப்பார்களே என்று நான்தான் கூச்சப்பட்டேன். அவள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“அவங்கப்பனுக்கு சரக்கு வாங்கிட்டுப் போறேன்னு நெனச்சிக்கட்டும்க்கா. பொண்ணுக்கு வீசிங்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவா?”

சிபாரிசு

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு யாமினி நேரே கடைக்கு வந்தாள். விளையாட்டு பீரியடில் அவளை உட்கார வைத்துவிடும்படி விஜயா டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். முன்னாலேயே பம்ப் அடித்துக்கொண்டால் ஓடலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதை அம்மாவிடம் நான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். எனக்குச் சம்பளம் மருந்து விற்கத்தான், பஞ்சாயத்துப் பண்ண அல்ல. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. விஜயா வந்தபோது சொன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

“வீட்ல இழுத்தா நான் மட்டும் பாப்பேன். கிரவுண்ட்ல இழுத்தா ஊரே பாக்கும்க்கா. ஒக்காந்தே இருக்கட்டும்.”

மூன்றாவது இடம்

ஸ்போர்ட்ஸ் டேவுக்கு யாமினி அம்மாவிடம் சொல்லாமலே பேர் கொடுத்துவிட்டாள். சேதி தெரிந்து விஜயா அளத்திலிருந்து உப்புக் காலோடு ஓடியிருக்கிறாள். அவள் போய்ச் சேர்வதற்குள், எல்லாப் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க, மகள் ஸ்பேசரை வாயில் வைத்துப் பம்ப் அடித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாளாம். ஓடி மூன்றாவதாகவும் வந்துவிட்டாள்.

சாயங்காலம் விஜயா கடைக்கு வந்து எதுவும் வாங்காமல் நின்றாள். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் கண் கலங்கியிருந்தது. அவள் பேசி முடித்தபோது எனக்கும் கலங்கிவிட்டது.

“ஓடி முடிச்சா எல்லா பசங்களுக்கும்தான்க்கா மூச்சு வாங்குது. எம் பொண்ணுக்கு மட்டும்தான்னு இத்தினி நாளா பயந்துகினு இருந்தேன்.”

புதுக் கிராக்கி

சில நாள் கழித்து கூனிமேட்டுக்காரர் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து பம்ப் கேட்டார். பையனும் அதே பள்ளிக்கூடம். பையன்கள் ஓட்டத்தில் கடைசியாக வந்தவன். வீசிங்கா என்றேன். தும்மல்கூடக் கிடையாதாம். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது, நன்றாக இருக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்று குரலை உயர்த்தினேன். அவர் அசரவில்லை.

“அந்த யாமினிப் பொண்ணு ஓடறதுக்கு முன்னாடி வாயில வச்சிச்சே, அதுல ஒன்னு குடுங்க மேடம். இவனும் ஒரு தபா மூணாவது வரட்டும்.”

சீட்டு இல்லாமல் மருந்து கேட்டு வந்தவர்களில் நான் சந்தோஷமாக விரட்டியடித்தது அந்த ஒருவரைத்தான்.