பாட்டில்லாத வண்டி

சான் கலிஸ்தோவில் யாராவது செத்தால் ரிகோபெர்த்தோ பவோனின் வண்டி வந்து சொன்னால்தான் செத்தது உறுதி. பழைய பிக்கப் வண்டி. கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். மெத்தை விற்பனை, சர்க்கஸ், தடுப்பூசி முகாம் எல்லாவற்றுக்கும் அதே குரல்தான் என்றாலும் சாவுக்கு மட்டும் ரிகோ, ஊர் மரியாதையாகக் கூப்பிடும் தோன் ரிகோ, சட்டையை மாற்றிக்கொள்வார். வண்டிக்குள் யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் மாற்றுவார்.

சாவு அறிவிப்புக்கு முன்னால் மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் ஒரு மரிம்பா இசை வரும். இருபது வருடமாக ஒரே கேசட். அது கேட்டால் ஊர் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வரும். யார், எந்த வீடு, அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளும்.

முதன்முதலில் கும்பல்காரர்கள் ஒரு பையனைச் சுட்டுக் கொன்றபோது அவன் தாய் ரிகோவிடம் வந்து, "என் மகனுக்குப் பாட்டுப் போடாதீங்க. இது சாவு இல்ல, வேற" என்றாள். அவர் பாட்டில்லாமல் போனார். அந்த வருடம் இரண்டு முறை அப்படிப் போனார். அடுத்த வருடம் ஏழு. அதற்கடுத்து பத்தொன்பது. அந்த வருடம்தான் கல்லறைத் தோட்டத்தில் வைத்தே துக்கத்துக்கு வந்தவர்கள் மேல் சுட்டார்கள். அதன்பின் வண்டி பாட்டில்லாமல் வந்தால் ஊர் சன்னலைச் சாத்தி, பிள்ளைகளுக்குப் பெயர் கேட்காதபடி ரேடியோவைச் சத்தமாக வைத்தது. தலைநகரிலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்து, வன்முறை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டாள். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "தோன் ரிகோவைக் கேளுங்க, பாட்டில்லாம எத்தன தடவ போனாருன்னு."

அப்போது குறைந்துகொண்டிருந்தது. கடைசியாகப் பாட்டில்லாமல் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அந்த மோசமான வருடங்களில் சுடப்பட்டவர்களின் சவப்பெட்டிக்குப் பின்னால் குடும்பத்தைத் தவிர நடந்தது ஒரே ஆள்தான். எர்லிந்தா முரில்யோ. சோள மாவில் வளையப் பலகாரம் சுட்டு விற்றவள். கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு எல்லா அடக்கத்துக்கும் போவாள். தொண்ணூறு தாண்டியதும் ரிகோவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எனக்கு ஆள் வரணும், ரிகோ. நான் எல்லாருக்கும் போயிருக்கேன்."

"தெருவே கொள்ளாது, தோன்யா எர்லிந்தா. அது என் பொறுப்பு."

"வாயால சொல்லாத. செஞ்சு காட்டு."

ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள். அடக்கம் நான்கு மணிக்கு. ரிகோ சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். முதல் திருப்பத்திலேயே கேசட் சிக்கிக்கொண்டது. இழுத்தால் பழுப்பு நாடா முழம் முழமாக மடியில் வந்து விழுந்தது. போகட்டும், வார்த்தைதானே முக்கியம் என்று நினைத்தார். மைக்கை எடுத்து, "தொண்ணூற்றொரு வயதில், தூக்கத்தில், கடவுளிடம் சேர்ந்த நம் எர்லிந்தா" என்று அழகாகச் சொல்லிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஊரைச் சுற்றினார். சன்னல்கள் மூடின. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிடப் போனால் வீட்டுக் கதவு தாழிட்டிருந்தது. உள்ளே ரேடியோ அலறியது. மனைவி எதெல்வினா கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"யாரச் சுட்டாங்க, கிழவா?"

"யாரையும் சுடல. எர்லிந்தா செத்துட்டா. ரெண்டு மணி நேரமா அதத்தானே கத்துறேன்?"

"பாட்டுப் போட்டியா?"

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கேசட் போச்சு."

"அறிவிருக்கா உனக்கு? ஊரே மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்கன்னு நடுங்கிட்டு இருக்கு. ஒருத்தன் வரமாட்டான் இன்னிக்கு. நானே வந்திருக்கமாட்டேன்."

"வேற பாட்டு ஏதாவது..."

"வேற பாட்டுப் போட்டா மெத்த விக்க வந்திருக்கேன்னு நெனப்பாங்க."

பீன்ஸும் சோள ரொட்டியும் தட்டில் அப்படியே இருந்தன. ரிகோ வண்டியில் ஏறினார். மைக்கை வாயருகே வைத்து, ஒருமுறை செருமிவிட்டு, மரிம்பாவாகப் பாட ஆரம்பித்தார். அந்த இசைக்கு வார்த்தை கிடையாது. "லாலலா, பொம், லாலலா, பொம்" என்றுதான் பாட முடிந்தது. அவர் குரல் அறிவிப்புக்கு மட்டுமே ஏற்றது. பாட்டு என்று வந்தால் கன்று தேடும் பசுதான்.

முதலில் திறந்தது முடிதிருத்தும் நிக்கானோரின் கதவு.

"யோவ் ரிகோ! செத்தது யாரு, அந்தப் பாட்டா?"

"எர்லிந்தாய்யா. தூக்கத்துல."

"தூக்கத்துலயா? சத்தியமா?"

"கேசட் சிக்கிருச்சு. வாய்யா, நாலு மணிக்கு."

நிக்கானோர் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதி சவரம் முடிந்த ஆளோடு வெளியே வந்தார். அடுத்த வீட்டில் ரேடியோ நின்றது. அதற்கடுத்த வீட்டிலும். வண்டிக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். பாட்டை நிறுத்தினால் மறுபடி கதவைச் சாத்திவிடுவார்களோ என்று பயந்து ரிகோ மூச்சுக்கூட விடாமல் பாடினார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் குரல் உடைந்தது. அங்கே எந்தக் கதவும் திறக்கவில்லை. சுயாபாவின் வீட்டின் முன் அவர் பாட்டில்லாமல் இரண்டு முறை போயிருக்கிறார், அவளுடைய இரண்டு மகன்களுக்காக. இன்று அவளே கதவைத் திறந்து வந்து வண்டியின் மறுபக்கம் ஏறினாள்.

"கேக்கச் சகிக்கல, தோன் ரிகோ. இங்க குடுங்க."

மைக்கை வாங்கிக்கொண்டாள். பாடவில்லை. "நான் சுயாபா பேசுறேன். யாரையும் சுடல. எர்லிந்தா கிழவி செத்துட்டா. எங்க பிள்ளைங்க பின்னால நடந்தவ. வெளிய வாங்க" என்றாள். மைக்கைக் கீழே வைக்கும் முன், "பயப்படாதீங்க" என்றும் சொன்னாள்.

நான்கு மணிக்குத் தெரு கொள்ளவில்லை. பின்னால் நின்றவர்கள் பெட்டியையே பார்க்கவில்லை. காபி தீர்ந்துவிட்டது. கிழவியின் மகள் ஒப்துலியா காலித் தட்டோடு ரிகோவிடம் வந்தாள்.

"இவ்வளவு பேர் வருவாங்கன்னு ஒரு வார்த்த முன்னாலயே சொல்லக் கூடாதா?"

ரிகோ வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.