சுடர்விழியின் வலது கால்

என் மனைவி சுடர்விழி நெல்லித்தோப்பு சிக்னலில் போக்குவரத்துக் காவலர். நாள் முழுக்க ஷூ போட்டுக்கொண்டு நிற்கிற வேலை. அவள் வலது காலில் கட்டைவிரல் கோணிக்கொண்டு பக்கத்து விரலுக்கு அடியில் போய்விட்டது. அந்தப் பக்கத்து விரலோ கொக்கியாக மடங்கி மேலே ஏறிவிட்டது. கட்டைவிரலின் அடிமூட்டு எலுமிச்சை மாதிரி புடைத்து நின்றது. ஷூவில் பிளேடால் ஓட்டை போட்டு, வெளியே தெரிந்த கட்டுத்துணியில் கறுப்பு பாலிஷ் பூசிக்கொண்டு ஒரு வருஷம் சமாளித்தாள். அணிவகுப்பில் இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துவிட்டார்.

"நாலு மாசம் டைம் தரேன். முழு ஷூ போட்டு வந்து நில்லும்மா. இல்லன்னா ஸ்டேஷன்ல எழுத்து வேலதான்."

எழுத்து வேலையா! ரோட்டில் நிற்கத்தானே இவள் போலீஸிலேயே சேர்ந்தாள்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பை வெட்டி நேராக்கி ஸ்குரு போடலாம், மடங்கிய விரலுக்கு ஆறு வாரம் கம்பி இருக்கும் என்றார். "மெட்டிய கழட்டிட்டு வாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் வீங்கினா விரலுக்கு ரத்தம் போகாது."

மடங்கிய மூட்டைத் தாண்டி மெட்டி வந்தால்தானே! சோப்பு, எண்ணெய், நூல் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. வெட்டத்தான் வேண்டும் என்றதும் என் அம்மா தனக்கொடி எகிறினாள். எப்போதும்போல் புடவைக் கரையை இழுத்துத் தன் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எவளாவது மெட்டிய வெட்டுவாளா?"

அந்தக் குத்துக்கல் நான்தான். வாயே திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சுடர்விழி என் டூல்பாக்ஸைக் குடைந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள். "அத்தை, உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. நான் ரோட்ல நிக்கணும்." ஒரே அழுத்து. மெட்டி வாய் பிளந்தது.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் குதிகாலை ஊன்றியே நடந்தாள். கம்பி எடுத்த அன்று வலியில் அழுதாள். மறுநாளே பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மடக்கி நீட்டிப் பழகினாள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஓட்டையில்லாத ஷூவோடு சிக்னலில் போய் நின்றாள். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து காலை நீட்டினாள். ஐந்து விரலும் நேராக இருந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, எழுந்து போய் அதே கட்டிங் பிளேயரோடு வந்தாள். சுடர்விழிக்கு எதிரே உட்கார்ந்து, தன் புடவைக் கரையைத் தூக்கினாள். கட்டைவிரல் சாய்ந்து, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது.

"இருவது வருஷமா உயிர் போவுதுடி. உன் மாமனார் உள்ள தூங்குறாரு. எழுந்துக்கறதுக்குள்ள வெட்டு."